ரிப்பேர் முடிந்த கம்ப்யூட்டரில் மென்பொருள் திறக்கவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் குலசேகரத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். இடி விழுந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டது. டவுனில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்திருந்தார்.

"மக்கா, கம்ப்யூட்டர் நல்லா ஆன் ஆவுது. முன்னைய விட வேகமாட்டுதான் இருக்கு. பில் போடுறது மட்டும் தொறக்கல்ல. ரெண்டு தடவ தட்டினா வட்டம் ஒண்ணு சுத்துது, அப்புறம் ஒண்ணும் இல்ல."

"ரிப்பேர்னா என்ன செஞ்சாங்க அத்தான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் உள்ள இருக்குன்னு சொல்லித் தந்தாங்க."

அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்திருந்தால் எனக்கு அன்றைக்கு அரைநாள் மிச்சம். நான் இஞ்சினியர் இல்லை; தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களின் கம்ப்யூட்டரும் சொந்தக்காரர்களின் கம்ப்யூட்டரும் கையில் வந்து விழுந்து விழுந்து பழகியதுதான். ரிப்பேருக்குப் பிறகு ஒரு மென்பொருள் திறக்கவில்லை என்றால் நான் போகும் வரிசையை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

என்ன ரிப்பேர் என்று கண்டுபிடியுங்கள்

கடைக்காரர் "ரிப்பேர்" என்று சொல்வது ஐந்தாறு வேறு வேறு வேலைகளில் ஏதோ ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மென்பொருளைப் படுக்க வைக்கும். அதனால் முதலில் கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: "ஃபார்மட் அடிச்சீங்களா, ரீசெட்டா, ரிஸ்டோரா, டிஸ்க் மாத்தினீங்களா?" சரியான பதில் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும்.

டெஸ்க்டாப்பில் 'ரிமூவ்டு ஆப்ஸ்' என்ற கோப்பு கிடந்தால், கோப்புகளை வைத்துக்கொண்டு ரீசெட் செய்திருக்கிறார்கள். உங்கள் படங்களும் கடிதங்களும் இருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள் எல்லாம் போயிருக்கும். போனவற்றின் பட்டியல்தான் அந்தக் கோப்பு. அழித்துவிடாதீர்கள்.

சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருந்தால், பழைய விண்டோஸின் மேலேயே புதியது உட்கார்ந்திருக்கிறது. பழைய மென்பொருளின் தரவு அதற்குள் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இந்த ஃபோல்டர் சுமார் 10 நாளில் தானாகவே அழிந்துவிடும். கம்ப்யூட்டர் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை வேறு டிஸ்கில் நகல் எடுங்கள்.

மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர் தெரிகிறதா? டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடியிருக்கிறது. டிஸ்கில் அறுந்து கிடந்த துண்டுகளை அது பொறுக்கி அங்கே போட்டிருக்கும். அந்தத் துண்டுகளில் ஒன்று உங்கள் மென்பொருளின் உறுப்பாகவும் இருக்கலாம். இங்கே இன்னொரு பயமும் உண்டு, டிஸ்கே சாகக் கிடக்கலாம். நகல் எடுக்காமல் மேலே ஒரு அடி வைக்காதீர்கள்.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி 'ஆர்எஸ்டிஆர்யுஐ' என்று தட்டினால் சிஸ்டம் ரிஸ்டோர் திறக்கும். அதில் 'அன்டூ சிஸ்டம் ரிஸ்டோர்' என்ற வரி இருந்தால், கம்ப்யூட்டரைப் பழைய தேதிக்கு இழுத்துச் சென்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வேலை உங்கள் படம், கடிதங்களைத் தொடாது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய மென்பொருளின் இயங்கு கோப்புகளைக் கழற்றிவிடும். டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்கும், ஃபோல்டர் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. இதற்கு மருந்து எளிது: அதே மென்பொருளை அதன் மேலேயே மறுபடி நிறுவுங்கள். அல்லது அந்த 'அன்டூ'வை அழுத்துங்கள். ஆனால் சேஃப் மோடில் செய்த ரிஸ்டோரைத் திருப்ப முடியாது.

இவை எதுவுமே இல்லை, எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது என்றால் ஃபார்மட்தான், அதாவது பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று தேடினால் வரும் கறுப்புக் கட்டளைத் திரையில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்று தட்டுங்கள். 'ஒரிஜினல் இன்ஸ்டால் டேட்' என்ற வரியில் ரிப்பேர் நடந்த தேதியே நிற்கும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் அந்தத் தேதி மாறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அத்தான் கம்ப்யூட்டரில் அப்படித்தான் நின்றது. ஃபார்மட் அடித்துவிட்டு, பழைய டிஸ்கிலிருந்து பில்லிங் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து சி டிரைவில் ஒட்டி, ஐகானையும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார்கள். "எல்லாம் உள்ள இருக்கு" என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் மென்பொருளை நிறுவும்போது அது விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதியவையும், விண்டோஸுக்குள் கொண்டுபோய் வைத்த துணைக் கோப்புகளும் அந்த ஃபோல்டரோடு வரவில்லை. மரத்தைப் பிடுங்கி நட்டாயிற்று, வேர் பழைய குழியிலேயே கிடக்கிறது.

கை வைக்கும் முன் தரவை ஒதுக்குங்கள்

பழைய கணக்கு மென்பொருள்களில் பல, தரவைத் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அதோடு சேர்ந்து போய்விடக்கூடும். சில, 'புரோகிராம்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில் வைக்கும். சில, எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவு காக்கும் மென்பொருளிடம் ஒப்படைத்திருக்கும். எது என்று தெரியாவிட்டால் மூன்றையும் நகல் எடுங்கள். ஒரு பென் டிரைவ் போதாது, இரண்டு இடத்தில் வையுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வந்தபோதும் வந்து வந்து போனது. அந்த வாரங்களில் என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் புயல் கெடுத்ததைவிட, பாதி ரிப்பேரில் கரண்ட் போய்க் கெட்டவை அதிகம்.

எது திறக்கவில்லை: ஒன்றா, பலவா, எல்லாமா?

இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் பலர் பார்ப்பதே இல்லை. கால்குலேட்டரையும் போட்டோஸையும் திறந்து பாருங்கள். இவை ஸ்டோர் வகை ஆப்கள். அடுத்து, நீங்களே சிடியிலிருந்தோ இணையத்திலிருந்தோ நிறுவிய பழைய வகை மென்பொருள் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

ஸ்டோர் வகை மட்டும் திறக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், குறிப்பிட்ட ஆப்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்து, முதலில் 'ரிப்பேர்' அழுத்துங்கள். பக்கத்தில் 'ரீசெட்' இருக்கும். அவசரப்பட்டு அதை அழுத்தாதீர்கள். அந்த ஆப் சேமித்து வைத்திருப்பதையெல்லாம் அது துடைத்துவிடும். ஸ்டிக்கி நோட்ஸில் பாஸ்வேர்டு எழுதி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும்தானே. ஸ்டோரே திறக்கவில்லை என்றால் விண்டோஸ் விசை, ஆர், 'டபிள்யூஎஸ்ரீசெட்'. வெறும் கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து கொஞ்ச நேரம் நிற்கும், தானாக மூடி ஸ்டோர் திறக்கும்.

எல்லா வகையும் திறக்கவில்லை என்றால், கெட்டது கம்ப்யூட்டரா உங்கள் பயனர் கணக்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் புதிதாக ஒரு லோக்கல் பயனரை உண்டாக்கி, அதில் நுழைந்து திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் திறந்தால் விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் பழைய கணக்குதான் சிதைந்திருக்கிறது. கோப்புகளைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுங்கள். சிதைந்த கணக்கைச் சரிசெய்ய நான் பலமுறை முயன்று நேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு மென்பொருள்தான் திறக்கவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள். பெரும்பாலானவர்களின் கதை இதுதான்.

தட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'டீட்டெய்ல்ஸ்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மென்பொருளை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்.

பெயர் பட்டியலில் வந்து அங்கேயே நின்றால், மென்பொருள் திறந்துவிட்டது; கண்ணுக்குத்தான் தெரியவில்லை. முன்பு இரண்டாவது திரை வைத்திருந்தவர்களுக்கு இது நடக்கும். ஜன்னல் இல்லாத திரையில் போய் உட்கார்ந்திருக்கும். ஆல்ட்-டேப் அடித்து அதைத் தேர்ந்து, விண்டோஸ் விசையும் ஷிஃப்ட்டும் பிடித்துக்கொண்டு இடது அம்பை அழுத்தினால் ஓடி வரும். பட்டியலில் அதே பெயர் மூன்று நான்கு முறை நிற்கிறதா? நீங்கள் தட்டிய ஒவ்வொரு தட்டலும் அது. எல்லாவற்றையும் 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை திறந்து பாருங்கள்.

பெயர் வந்து உடனே மறைந்தால், அது பிறந்த உடனே செத்துப்போகிறது. ஏன் செத்தது என்பதை விண்டோஸ் எழுதி வைத்திருக்கும்.

ஈவென்ட் வியூவர்: கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். விண்டோஸ் விசை, ஆர், 'ஈவென்ட்விடபிள்யூஆர்'. இடப்பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. நடுவில் சிவப்புக் குறியோடு வரிசையாகப் பிழைகள் தெரியும். பயப்பட வேண்டாம், நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் சிவப்பு இருக்கும். இப்போது மணியைப் பார்த்துக்கொண்டு மென்பொருளை ஒரு முறை தட்டுங்கள். ஈவென்ட் வியூவரில் எஃப்5 அழுத்துங்கள். அந்த மணி, அந்த நிமிடத்தில் புதிதாக வந்த வரி மட்டும்தான் உங்களுக்கு வேண்டியது.

எண் 1000, மூலம் 'அப்ளிகேஷன் எரர்' என்றிருந்தால் கீழே 'ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்' என்று ஒரு வரி இருக்கும். விழுந்தபோது எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதை அது சொல்லும். அங்கே 'என்டிடிஎல்எல்' என்றோ 'கெர்னல்பேஸ்' என்றோ இருந்தால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். விழுகிற எல்லாமே கடைசியில் அந்தத் தரையில்தான் விழும். 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஐஜி' என்றால் இன்டெல், 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி; இவை திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரின் கோப்புகளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபார்மட்டுக்குப் பிறகு டிரைவர் போடாமல் விட்டால் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். திரை தெரியும், ஆனால் டிசைன் மென்பொருளும் வீடியோ மென்பொருளும் திறக்க முரண்டு பிடிக்கும். லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

எண் 1026, மூலம் '.நெட் ரன்டைம்' என்றிருந்தால் கீழே நீளமாக ஏதோ கொட்டிக் கிடக்கும். முதல் இரண்டு வரி போதும். அத்தான் கம்ப்யூட்டரில் இதுதான் வந்தது. 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அதைக் காணோம் என்றது. பெயரைத் தேடிப் பார்த்தால், பில்லை அச்சுக்குத் தயார்செய்து தரும் துணை மென்பொருள் ஒன்றின் உறுப்பு அது. பில்லிங் மென்பொருளை முறையாக நிறுவியிருந்தால் அதோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். வட்டம் சுற்றி மறைந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொரு அடையாளம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாட்யூல் பெயர் வருகிறதா, இன்றைக்கு ஒரு மென்பொருள் நாளைக்கு இன்னொன்று என்று விழுகிறதா? அப்படியானால் மென்பொருளை விடுங்கள், ராம் எனும் நினைவகப் பலகையைச் சந்தேகப்படுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளிலிருந்து வரும் கம்ப்யூட்டர்களில் இதை நிறையப் பார்க்கிறேன். உப்புக் காற்று ராமின் தங்கப் பற்களில் படிந்துவிடுகிறது. கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டுங்கள். பிறகு விண்டோஸ் விசை, ஆர் அழுத்தி 'எம்டிஎஸ்சிஎச்இடி' என்று தட்டி நினைவக சோதனையை ஓடவிடுங்கள்.

காணாமல் போன துணைக் கோப்புகள்

ஃபார்மட்டுக்குப் பிறகு வருகிற புகாரில் முக்கால்வாசி இங்கே முடியும். 'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை', 'எம்எஸ்விசிபி140 இல்லை' என்று செய்தி வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் மறுவிநியோகத் (ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்) தொகுப்பை இறக்கி நிறுவ வேண்டும். 2015 முதல் வந்தவை எல்லாம் ஒரே தொகுப்பில் அடக்கம். அதற்கு முந்தையவை தனித்தனி: பெயரின் முடிவில் 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. உங்கள் விண்டோஸ் 64 பிட் ஆக இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போடுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் துணைதான் சேரும்.

அந்த டிஎல்எல் துணைக் கோப்பை மட்டும் தனியாகத் தருகிறேன் என்று சொல்கிற தளங்கள் ஆயிரம் உண்டு. தொடவே தொடாதீர்கள். வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். 32 பிட் இடத்தில் 64 பிட் கோப்பைப் போட்டு, பூஜ்யம் எக்ஸ் சி-யில் தொடங்கி 7பி-யில் முடிகிற புதுப் பிழை ஒன்றை வாங்கி வருவீர்கள். அந்த 7பி எண் எங்கே வந்தாலும் இந்த இரண்டு வகையும் கலந்துவிட்டன என்றுதான் முதலில் பாருங்கள்.

பழைய பில்லிங், பள்ளிக்கூட மென்பொருள்கள் பலவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் .நெட் 3.5 என்ற துணைத் தொகுப்பு வேண்டும். புது விண்டோஸில் அது அணைந்தே இருக்கும். ஸ்டார்ட்டில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, பட்டியலில் .நெட் 3.5-க்கு டிக் போட்டு, இணையத்தோடு இணைந்திருக்கும்போது ஓகே கொடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரை நம்பி ஓடும் மென்பொருள் என்றால் 'சர்வீசஸ்.எம்எஸ்சி' திறந்து, 'எஸ்க்யூஎல் சர்வர்' என்ற பெயர் 'ரன்னிங்' என்று நிற்கிறதா பாருங்கள். நின்றுபோயிருந்தால் வலது கிளிக்கில் 'ஸ்டார்ட்'. அந்தப் பெயரே இல்லையென்றால் சர்வர் ஃபார்மட்டில் போய்விட்டது. எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று முடியும் கோப்புகள் பழைய நகலில் பத்திரமா என்று உறுதிசெய்துகொண்டு மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். அது நீங்களே விளையாடிப் பார்க்கிற இடமில்லை.

தடுப்பது யார்?

சில நேரம் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கும், காவல்காரன்தான் உள்ளே விடமாட்டான். ரிப்பேருக்குப் பிறகு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டிருக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். உங்கள் மென்பொருளின் கோப்பு அங்கே சிறையில் இருக்கலாம். தெரிந்தவர் எழுதிக் கொடுத்த நல்ல மென்பொருள் என்றால் விடுவியுங்கள். கிராக் போட்டது என்றால்... நானும் டிடிபி கடைக்காரன்தான், உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் திறக்காததற்குக் காரணம் அந்த கிராக்தான், இனி ஒவ்வொரு ரிப்பேரிலும் இதே கதைதான்.

புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் 'ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல்' என்று ஒன்று இயங்கக்கூடும். கையொப்பம் இல்லாத சின்ன மென்பொருள்களை, அதாவது நம் ஊரில் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் போன்றவற்றை, அது தடுக்கும். தடுத்தால் செய்தி காட்டும், அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

ஐகானில் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் மட்டும் திறக்கிறதா? மென்பொருள் தன் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் தவிக்கிறது. அந்த ஃபோல்டரின் 'புராபர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி' பகுதியில் உங்கள் பயனருக்கு எழுதும் உரிமை கொடுங்கள். பழைய டிஸ்கிலிருந்து நகல் எடுத்த ஃபோல்டர்களில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் பெயரில்லாத ஒரு உரிமையாளர் நிற்பார். அவர் உங்கள் பழைய விண்டோஸின் பயனர், இப்போது இல்லை. அந்த ஃபோல்டருக்கு மட்டும் உரிமையை மாற்றுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விண்டோஸே படுத்துவிடும்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகப் படுத்துபவை

தேதி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் ஓடும். உரிமம் சரிபார்க்கிற மென்பொருள் எதுவும் திறக்காது. ஃபார்மட் அடித்த கம்ப்யூட்டரில் மணி சரியாகத் தெரிந்தாலும் நேர மண்டலம் அமெரிக்காவிலேயே நிற்பதுண்டு, கூட்டல் 5.30-க்கு மாற்றுங்கள்.

டிரைவ் எழுத்து. டிஸ்க் மாற்றிய பிறகு பழைய டி டிரைவ் இப்போது இ ஆகிவிட்டால், டி-யில் தரவைத் தேடுகிற மென்பொருள் வாயைத் திறக்காது. 'டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி' திறந்து எழுத்தை மாற்றலாம். சி-யை மட்டும் தொடாதீர்கள்.

எழுத்துரு. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் அதிகம் சொல்வேன். மென்பொருள் திறக்கும்போது 'ஃபான்ட்ஸ்' என்று காட்டும் இடத்தில் நின்று சாகிறது என்றால், ஒரு கெட்ட எழுத்துரு உள்ளே இருக்கிறது. நீங்கள் சேர்த்த எழுத்துருக்களில் பாதியை வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி வெளியே எடுத்ததில், இல்லையென்றால் உள்ளே இருப்பதில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துப் போனால் இருநூறு எழுத்துருவில் ஒன்றை எட்டே முறையில் பிடித்துவிடலாம். மென்பொருள் திறக்கிறது, ஆனால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கிலப் பொரியலாக இருக்கிறது என்றால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஃபார்மட்டில் போய்விட்டன. மறுபடி நிறுவும்போது வலது கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது உங்கள் கணக்குக்குள் மட்டும் உட்காரும், பழைய டிசைன் மென்பொருளின் கண்ணில் படாமல் போகலாம்.

ஆடிட்டர் அலுவலகம் என்றால், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரும் ஜிஎஸ்டி தளம் கேட்கும் எம்சைனரும் மறுபடி நிறுவப்பட்டனவா என்று தாக்கல் செய்யும் கடைசி நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

விண்டோஸையே சரிபார்ப்பது

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால், அல்லது பல மென்பொருள்கள் ஒன்றாக மக்கர் செய்தால், இப்போது கறுப்புத் திரைக்குப் போகலாம். ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் இது:

டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்

ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் ஒரு இடைவெளி. சாய்கோட்டுக்குப் பின் இடைவெளி கிடையாது. 62.3 சதவீதத்தில் உறைந்தது போல நிற்கும். நிற்கட்டும், போய் ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள். முடிந்ததும் இரண்டாவது:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நௌ

ஸ்கேனுக்கும் நௌவுக்கும் இடையில் இடைவெளி இல்லை. பலர் இதை மட்டும் முதலில் ஓடவிட்டு, 'சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள். கெட்ட கோப்புக்கு மாற்றாக நல்ல நகலை எடுக்கிற கிடங்கு ஒன்று விண்டோஸில் உண்டு. கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி என்ன செய்யும்? அந்தக் கிடங்கைச் சரிசெய்வதுதான் முதல் கட்டளை. அதனால்தான் இந்த வரிசை.

அதற்கும் மசியவில்லை என்றால், ஃபார்மட்டுக்கு முன் இன்னும் ஒரு படி இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போனால் 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒன்று இருக்கும். அது விண்டோஸை மட்டும் அதன் மேலேயே மறுபடி நிறுவும். மென்பொருள், கோப்பு, அமைப்பு எல்லாம் இருந்தபடி இருக்கும். விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டப்பைத் தட்டி, 'கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சில மென்பொருள்களின் புதிய பதிப்பு அதில் நிறுவ மறுத்தால் அது ரிப்பேரின் குற்றம் இல்லை.

மென்பொருளை மறுபடி நிறுவும் முறை

அத்தானுக்குச் செய்ததைச் சொல்கிறேன். கடையிலிருந்து ஒட்டித் தந்த பில்லிங் ஃபோல்டரின் பெயரை 'பழையது' என்று மாற்றினேன். அழிக்கவில்லை. மென்பொருள் எழுதிக் கொடுத்தவரிடம் போனில் பேசி, அவர் அனுப்பிய செட்டப்பைப் புதிதாக நிறுவினேன். அச்சுக்கான அந்தத் துணை மென்பொருளும் தானாகவே உள்ளே வந்தது. தரவு இல்லாத வெற்று மென்பொருளாக முதலில் திறந்து பார்த்தேன்; திறந்தது. மூடிவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து தரவுக் கோப்பு ஒன்றை மட்டும் எடுத்துப் புதியதில் வைத்தேன். மறுபடி திறந்தது. இந்த வரிசையில் போனால், திறக்காமல் போகும்போது குற்றம் மென்பொருளிலா தரவிலா என்று உடனே தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு விழித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

திரையில் பட்டியல் வந்ததும் அத்தான் வேறு எதையும் பார்க்கவில்லை, நேரே அக்டோபர் கணக்குக்குப் போனார். எல்லாம் இருந்தது. இடி விழுந்த ராத்திரிக்கு முந்தைய சாயங்காலம் போட்ட கடைசி இரண்டு பில் மட்டும் இல்லை.

"அது ரெண்டும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்று மேசை டிராயரை இழுத்தார்.